கரிப்புவிளைக் கிளையின் நிழல்

கரிப்புவிளை பஸ் ஸ்டாண்டில் நின்ற தூங்குமூஞ்சி மரம் கார்த்திகை மாதத்துப் புயலில், பெட்டிக்கடைக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில், யாருக்கும் ஒரு கீறல்கூட விழாமல், இடம் பார்த்துப் படுப்பதுபோலச் சாய்ந்தது. மூன்று பக்கம் உப்பளமும் ஒரு பக்கம் கடலுமாக இருந்த அந்த ஊரில் நிழல் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒரு மரந்தான். உப்புக் காற்றில் வேறெதுவும் இடுப்புயரத்துக்கு மேல் வளர்ந்ததில்லை. மறுநாள் காலை ஜனங்கள் வந்து, துக்க வீட்டு வாசலில் நிற்பதுபோலச் சற்று நேரம் நின்றார்கள். வெயில் ஏறியதும், நிற்க நிழல் இல்லாததால், ஒவ்வொருவராகக் கலைந்துபோனார்கள்.

அந்தச் சமயத்தில்தான், கூட்டுறவு வங்கியின் கரிப்புவிளைக் கிளையில் மேலாளராக இருந்த கிரேஸ்லின் மேடத்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. இனி பிளாஸ்டிக்கில் ஏடிஎம் அட்டை கொடுக்கக் கூடாது, மண்ணில் மக்குகிற பொருளில்தான் கொடுக்க வேண்டும், எந்தப் பொருள் என்பதை அந்தந்தக் கிளையே தன் ஊருக்கு ஏற்றபடி முடிவுசெய்துகொள்ளலாம் என்று அதில் இருந்தது. மற்ற ஊர் மேலாளர்கள் எரிச்சல்பட்டார்கள். கிரேஸ்லின் மேடத்துக்கு மட்டும் சந்தோஷம். கடல் தண்ணீரோடு சேர்ந்து உப்புப் பாத்திக்குள் வரும் பிளாஸ்டிக் துணுக்குகளை, நீலமும் சிவப்புமாக, உப்புக் குவியலின் முன் குத்தவைத்து உட்கார்ந்து பெண்கள் பொறுக்குவதை அவர் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறவர். ஒருமுறை லிங்கக்கனி என்கிற பெண் உப்புக்குள் கிடந்த பாதி ஏடிஎம் அட்டையைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்து, "மேடம், இதுல பாதிப் பேருதான் இருக்கு. மீதிப் பாதி யாரு வீட்டுச் சோத்துல கிடக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

முதலில் கெட்டிக் காகிதத்தில் செய்து பார்த்தார்கள். உப்புக் காற்றில் மூன்றே வாரத்தில் அது நமுத்த அப்பளமாகிவிட்டது. பிறகு சோள மாவில் செய்த அட்டைகள் ஒரு கட்டு வந்தன. வங்கியின் எலிகள் அதைத் தின்றுவிட்டுச் சிப்பை மட்டும் துப்பிவைத்திருந்தன. அப்புறம் ஒரு நாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கிய மேடம், பஸ் ஸ்டாண்டின் ஓரத்தில் இன்னும் அப்புறப்படுத்தாமல் கிடந்த மரத்தின் மேல் கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். அது சில்லென்று இருந்தது. பஞ்சாயத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மரம் அறுவை மில்லுக்குப் போனது. மில்காரர்கள் அதை வெற்றிலை கனத்துக்குச் சீவி, மூன்று ஏடுகளை ஒன்றாக ஒட்டி, அழுத்தி, அளவாக நறுக்கி, சிப்பைப் பதித்து, சூட்டுக்கோலால் பேரை எழுதிக் கொடுத்தார்கள். மாசி மாதம் பிறந்தபோது கிளையில் கணக்கு வைத்திருந்த எல்லோருக்கும் மர அட்டை தயாராக இருந்தது.

முதல் அட்டையை வாங்கிக்கொண்டவள் சந்தனமாரி. இருபது வருஷமாக உப்பு வாருகிறவள். லிங்கக்கனிக்கு நாத்தனார், தன் தம்பி இலங்காமணிக்கு அவளைப் பேசி முடித்ததும், கல்யாணமான மறுமாதமே அவளைத் தன்னோடு உப்பளத்துக்குக் கூட்டிப் போனதும் சந்தனமாரிதான். அட்டையைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, உச்சி வெயிலில் வங்கிப் படி இறங்கி நடந்தவள், பத்தடி போனதும் நின்றாள். காலுக்குக் கீழே தரை சுடவில்லை. ஒரு பாய் அகலத்துக்கு அவளைச் சுற்றி நிழல் விழுந்திருந்தது. அண்ணாந்து பார்த்தாள். மேகமில்லை, பறவையில்லை, வெளுத்த வானந்தான். குனிந்து பார்த்தாள். தூங்குமூஞ்சி மரத்தின் சின்னச் சின்ன இலைகள் காற்றில் அசைவது தரையில் தெரிந்தது. அவள் நடந்தாள், நிழலும் நடந்தது, நின்றாள், நின்றது. பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குப் போகிற வழியில் கடைக்குள் நுழைந்து குழம்புக்குக் கால் கிலோ உள்ளி வாங்கினாள், முன்பு வெயிலுக்குப் பயந்து தள்ளிப்போட்ட வேலை அது.

மறுநாளுக்குள் ஊரில் அட்டை வாங்கிய எல்லோர் தலைக்கும் மேலே நிழல் வந்துவிட்டது, நாலு நாளுக்குள் எல்லோருக்கும் பழகியும் போனது. அட்டை வைத்திருக்கிறவர்களின் பின்னால் ஆடுகள் போக ஆரம்பித்தன, அவர்களும் ஆடுகளை விரட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். நிழல் மரத்தின் குணத்தை விடவில்லை: சாயங்காலம் ஆறு மணியானால் இலை மூடிக்கொண்டு மெலிந்துபோகும், மழை வரப்போகிறதென்றால் மதியமே மூடிக்கொள்ளும், அதனால் கொடியில் துணி காயப்போடுகிறவர்கள் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். இரண்டு பேர் பக்கத்தில் நின்றால் நிழல் கனக்கும், பத்துப் பேர் நின்றால் அடிமரத்தின் பக்கத்தில் உட்கார்ந்ததுபோலக் குளிரும் என்று கண்டுகொண்டார்கள். பந்தல்காரர் கிடைக்காத ஒரு கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை வீட்டார் அறுபது பேரும் பெண் வீட்டார் அறுபது பேரும் வட்டமாக நின்று தாலி கட்டவைத்தார்கள். பேசாமல் இருந்த இரண்டு பங்காளிகள் ஒரே சாவுக்குப் போக வேண்டியிருந்து, ஒருவர் தன் அட்டையை வீட்டில் மறந்து வந்துவிட்டதால், மற்றவர் நிழலில் ஒண்டி நடந்து, சுடுகாடு போய்ச் சேர்வதற்குள் சமாதானமாகிவிட்டார்கள். வங்கியில் புதிதாகக் கணக்குத் தொடங்க வந்தவர்கள் தெருமுனை வரைக்கும் நின்றார்கள், மரம் இருந்தவரைக்கும் அட்டை கொடுத்தார்கள், பங்குனி முதல் வாரத்தில் மரம் தீர்ந்துபோனது. பழைய பிளாஸ்டிக் அட்டைகளை ஜனங்கள் தாங்களாகவே கொண்டுவந்து கவுண்டரில் கொட்டினார்கள், கிரேஸ்லின் மேடம் அவற்றை மூட்டை கட்டி, உருக்கி வேறு சாமான் செய்கிற கம்பெனிக்கு அனுப்பிவைத்தார்.

உப்பளத்தில்தான் இது பெரிய விஷயமாக இருந்தது. மற்ற இடத்து வெயில் மேலேயிருந்து மட்டும் அடிக்கும். உப்பளத்து வெயில் கீழேயிருந்தும் அடிக்கும். வெள்ளைப் பாத்தியில் பட்டுத் திரும்பி, முக்காட்டுக்குள் புகுந்து, கண்ணை எரித்து, நாற்பது வயதில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் ஆக்கும் வெயில் அது. இருபத்தேழு பெண்கள் வாருபலகையோடு பாத்தியில் இறங்கியபோது, இருபத்தேழு நிழல்களும் அவர்களோடு இறங்கின. அன்றைக்கு மத்தியானம் ஒருத்தி பாத்தியின் நடுவில் நின்று முக்காட்டை எடுத்துவிட்டு, முகத்தை நிமிர்த்திக் கண்ணை முழுசாகத் திறந்து எதிரே இருந்தவளைப் பார்த்து, "ஏட்டி, உனக்குக் கன்னத்துல மச்சம் இருக்கா?" என்று கேட்டாள். பத்து வருஷம் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள்.

லிங்கக்கனி அப்போது ஐந்து மாதம். அதற்கு முன்னால் இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் ஆறாவது மாதத்தில், கோடை வெயில் உச்சத்தில் இருந்தபோது, பாத்தியிலேயே வலி கண்டு போய்விட்டது. இரண்டு முறையும் பக்கத்துப் பாத்தியில் நின்றவள் சந்தனமாரி. இரண்டு முறையும் துணியில் சுற்றியதை வாங்கிக்கொண்டு போன தம்பியின் முகத்தை அவள் பார்த்தவள். கூட்டிவந்தது நான்தானே என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் அவளிடம் சொன்னதுமில்லை. வேலைக்கு வராதே என்றால் லிங்கக்கனி கேட்க மாட்டாள். வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரிய வேண்டாமா? அதனால் இந்த முறை பெண்கள் யாரும் பேசி வைக்காமலே ஒன்று செய்தார்கள். லிங்கக்கனி எந்தப் பாத்தியில் நிற்கிறாளோ அதைச் சுற்றியே மற்றவர்களும் வாரினார்கள். அவள் மேல் எப்போதும் ஐந்தாறு நிழல் சேர்ந்து விழுந்தது. அவளுக்கு வேர்க்கவில்லை. சில சமயம் குளிருகிறது என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பாத்திகளில் உப்பு விளையவில்லை.

அளத்துக்காரர் வெயிலுமுத்து அண்ணாச்சி கெட்ட மனுஷர் இல்லை. அவருடைய அப்பாவும் அந்த வரப்பில் நின்றவர். அவரும் ஐம்பது வருஷமாக அதே வெயிலில் தலையில் துண்டோடு நின்று, உடைமரக் கட்டை மாதிரிக் கறுத்துப்போனவர். பட்டணத்து வங்கியில் கணக்கு வைத்திருந்ததால் அவருக்கு மர அட்டை இல்லை. பங்குனிக் கடைசியில் அவர் பாத்திக்குள் கையை விட்டு, பொருபொருவென்று வர வேண்டிய இடத்தில் சளசளவென்று தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டு, பெண்களைக் கூப்பிட்டார்.

"தாயி, உங்க நிழலப் பத்தி எனக்கொண்ணும் வருத்தமில்ல. ஆனா நிழல்ல உப்பு விளையாது. அது நான் போட்ட சட்டமில்ல. நாளைலேருந்து அட்டைய கேட்டுலயே வச்சிட்டுதான் இறங்கணும்."

வாசலில் வாட்ச்மேனிடம் ஒரு தகரப் பெட்டி வைத்தார்கள். இருபத்தேழு அட்டைகளும் அதற்குள் போயின. அதன் பிறகு ஒரு வாரம் நடந்ததைக் கரிப்புவிளையில் இன்றைக்கும் சொல்வார்கள். பெட்டியைச் சுற்றி ஒரு வீடு கொள்கிற அளவுக்கு நிழல் விழுந்து கிடந்தது. அதில் வாட்ச்மேன் துண்டை விரித்துத் தூங்கினார், அவர் பக்கத்தில் இரண்டு நாய்கள் தூங்கின, ஆடுகள் அசைபோட்டன, லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து சீட்டு விளையாடினார்கள். அங்கிருந்து இருநூறு அடி தள்ளி, அந்த நிழலுக்குச் சொந்தக்காரிகள் இருபத்தேழு பேரும் சித்திரை வெயிலில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

எட்டாம் நாள், பதினொரு மணிக்கு, லிங்கக்கனி வாருபலகையைக் கீழே வைத்துவிட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"மைனி, கண்ணுக்கு எல்லாம் வெள்ளையாத் தெரியுது."

"இங்க எப்பமும் வெள்ளைதானட்டி."

"இல்ல மைனி. உங்களையும் காணல."

சந்தனமாரி பலகையை எறிந்துவிட்டு ஓடி வந்தாள். நான்கு பேராகச் சேர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு, வரப்பு வழியாக, வாசலுக்கு ஓடினார்கள். அவர்கள் வருவதைப் பார்த்து டிரைவர்கள் சீட்டைப் போட்டுவிட்டு எழுந்தார்கள், நாய்கள் எழுந்தன, வாட்ச்மேன் தன் துண்டையே விரித்துக் கொடுத்தார். நிழலின் நடுவில் அவளைப் படுக்கவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, காலைத் தேய்த்துவிட்டார்கள். சந்தனமாரி அவள் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் அசையவில்லை. மேலே இல்லாத மரத்தின் இலைகள் லிங்கக்கனியின் முகத்தின் மேல் அசைந்துகொண்டிருந்தன. வெகுநேரம் கழித்து, சந்தனமாரியின் உள்ளங்கைக்குக் கீழே, உள்ளேயிருந்து யாரோ புரண்டு படுப்பதுபோல ஒரு அசைவு வந்தது. இன்னொன்று வந்தது. சந்தனமாரி கையை எடுக்காமலே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். "கிடக்கு, கிடக்கு, உள்ள பத்திரமா கிடக்கு" என்று சுற்றி நின்ற எல்லோரிடமும், நாய்களிடமும்கூட, சொன்னாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தகரப் பெட்டியைத் திறந்து, தன் அட்டையையும் லிங்கக்கனியின் அட்டையையும் எடுத்தாள். லிங்கக்கனியின் அட்டையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு நேராக வங்கிக்கு நடந்தாள்.

கிரேஸ்லின் மேடம் அவள் சொன்னது எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்ததும் சந்தனமாரி மேசை மேல் வைத்த அட்டையைத் திருப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பக்கத்தில் சூட்டுக்கோலால் பொடி எழுத்தில் எழுதியிருந்ததைப் படித்தார்: 'இந்த அட்டையை உரியவரைத் தவிர வேறு யாரும் வைத்திருக்கக் கூடாது.' எல்லா வங்கிகளும் எல்லா அட்டைகளிலும் போடுகிற வாசகம், அதுவரைக்கும் அந்த ஊரில் யாரும் படித்திராத வாசகம். "வாங்க சந்தனமாரி" என்று எழுந்து, வங்கியைக் காசாளரிடம் விட்டுவிட்டு வந்தார். இரண்டு பேரும் ஒன்றாக நடந்து உப்பளத்துக்கு வந்தார்கள்.

வெயிலுமுத்து அண்ணாச்சி வரப்பில் நின்றுகொண்டிருந்தார். லிங்கக்கனி விழுந்தது அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது; ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டிருந்தார். மேடம் அட்டையின் பின்பக்கத்தை அவரிடம் காட்டினார்.

"விதி இருக்கு அண்ணாச்சி. இருபத்தேழு பேரு அட்டையையும் நீங்க பெட்டியில வச்சிருக்கிறது தப்பு."

அண்ணாச்சி அதைப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உங்க விதி சரிதான் மேடம். நான் இல்லேங்கல. ஆனா உப்புக்கும் ஒரு விதி இருக்கே. அதை யாருகிட்டக் காட்டி மாத்தச் சொல்ல?"

அண்ணாச்சி சொல்வது உண்மை என்பது மேடத்துக்கும் சந்தனமாரிக்கும் தெரியும். உப்பு விளையாவிட்டால் அளம் இல்லை, அளம் இல்லாவிட்டால் இருபத்தேழு அடுப்பும் இல்லை. அவள் பாத்திகளைப் பார்த்தாள். உச்சி வெயிலில் அவை யாரும் இல்லாமல் பளபளவென்று கிடந்தன. இருபது வருஷத்தில் அந்த நேரத்தில் பாத்தியை வரப்பில் நின்று அவள் பார்த்ததே இல்லை, எப்போதும் உள்ளே நின்றவள்.

"அண்ணாச்சி, உப்புக்கு வெயிலு எப்ப வேணும்?"

"எப்பன்னா? பத்துலேருந்து நாலு. அதுதான வெயிலு."

"எங்களுக்கு நிழலு வேண்டியதும் அந்நேரந்தான். அப்பம் அந்நேரம் நாங்க எதுக்குப் பாத்தியில நிக்கணும்? வெள்ளெனவே இறங்குதோம், பத்துக்கு ஏறிடுதோம். உச்சி நேரத்துக்குக் குவியலுக்கு வந்து உக்காந்து துணுக்குப் பொறுக்குதோம், சாக்குத் தைக்கோம். குவிச்ச உப்புக்கு நிழலு ஆகாதுன்னு இல்லையே. நாலு மணிக்கு மேல திரும்ப இறங்குதோம். வேலை ஒண்ணும் குறையாது. வெயிலு முழுசும் நீங்களே வச்சிக்கிடுங்க."

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பாத்தியைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார். ஐம்பது வருஷமாக அவரும் அவருடைய அப்பாவும் இதை யோசிக்காமல் போனதற்கு ஒரு காரணமும் அவருக்குக் கிடைக்கவில்லை. இத்தனை நாளும், நிழலே இல்லாத இடத்தில், எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதானே என்று இருந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"ஒரு வாரம் பாப்போம்" என்றார்.

ஒரு வாரம் பார்த்தார்கள். உச்சி வேளையில் காலடி படாமல், நிழல் படாமல், கலங்காமல் கிடந்த பாத்தியில் உப்பு கற்கண்டு மாதிரிப் பெரிது பெரிதாக விளைந்தது. அண்ணாச்சி ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து பத்து மணிக்கும் நாலு மணிக்கும் அடிப்பதற்கு ஒரு மணி வாங்கி வாசலில் கட்டினார். தகரப் பெட்டியை வாட்ச்மேன் தன் சாப்பாட்டுத் தூக்கை வைக்க எடுத்துக்கொண்டார்.

அதிலிருந்து மத்தியானங்களில், உப்புக் குவியலுக்குப் பக்கத்தில், இருபத்தேழு நிழல் சேர்ந்து ஒரு முழு மரத்தின் நிழலாகக் கிடக்கும். பெண்கள் அதில் உட்கார்ந்து துணுக்குப் பொறுக்குவார்கள், சாக்குத் தைப்பார்கள், லிங்கக்கனி நடுவில் காலை நீட்டிச் சாய்ந்திருப்பாள். வைகாசி வந்து போனது, ஆனி வந்தது. பொறுக்க வேண்டிய துணுக்கும் முன்புபோல இல்லை என்று ஒருத்தி சொன்னாள், இல்லை கடல் அப்படியேதான் கொண்டுவருகிறது, இப்போது கண் தெளிவாக இருப்பதால் சீக்கிரம் முடிகிறது என்று இன்னொருத்தி சொன்னாள். அண்ணாச்சி முதலில் தூரத்தில் நின்றார். பிறகு கொஞ்சம் கிட்டே வந்தார். ஒரு நாள், நிழல் முடிகிற கோட்டில், கவிழ்த்துப்போட்ட ஒரு கூடையின் மேல் உட்கார்ந்து கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தார். சந்தனமாரி பார்த்தாள்.

"உள்ள தள்ளி வாங்க அண்ணாச்சி. காலு வெயில்ல கிடக்கு."

"இருக்கட்டும் தாயி."

"எதுக்கு இருக்கணும்? இடந்தான் கிடக்கே."

அவர் கூடையை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். சற்று நேரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். அவருடைய தலை ஒரு பக்கம் சாய்ந்தபோது, பெண்கள் பேச்சின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் லிங்கக்கனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நர்ஸ் வெளியே வந்து சொன்னபோது இலங்காமணி, கேட்டது சரிதானா என்று மறுபடி கேட்டு, மறுபடி கேட்டு, மூன்றாவது தடவை ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டான். சந்தனமாரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன வயதில் செய்ததுபோல அவன் தலைமுடியைக் கோதிவிட்டாள். அவன் தன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷமாக அவள் தனக்குள் வைத்திருந்ததும் அவனுக்குத் தெரியும் என்பது அந்தப் பிடியில் அவளுக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சீட்டு எழுதி, மருந்து வாங்கி, எல்லாம் முடியும்போது மணி பன்னிரண்டாகிவிட்டது. ஆட்டோ பிடிக்கிறேன் என்று இலங்காமணி ஓடினான். வேண்டாம் என்று அவனைத் தடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அவர்கள் தெரு வரைக்கும், ரோட்டின் ஓரமாக, ஒருத்தி நிழல் முடிகிற இடத்தில் அடுத்தவள் நிழல் தொடங்கும்படி, உப்பளத்துப் பெண்கள் வரிசையாக நின்றார்கள்; அவர்கள் போதாத இடத்தில் மினி பஸ் கண்டக்டரும் பெட்டிக்கடைக்காரரும் வங்கியிலிருந்து வந்த கிரேஸ்லின் மேடமும் நின்றார்கள். அட்டை இல்லாத வெயிலுமுத்து அண்ணாச்சி, எதிரே வருகிற சைக்கிள்களை ஓரமாகப் போகச் சொல்லிக்கொண்டு நடு ரோட்டில் நின்றார்.

சந்தனமாரி குழந்தையை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தாள். பழக்கதோஷத்தில் அவளுடைய கால்கள் விரைந்தன. கரிப்புவிளையில் பிறந்தவர்கள் யாரும் உச்சி வெயிலில் மெதுவாக நடந்து அறியாதவர்கள். இரண்டு மின்கம்பம் தாண்டுவதற்குள் லிங்கக்கனி பின்னால் தங்கிவிட்டாள். சந்தனமாரி திரும்பிப் பார்த்தாள். லிங்கக்கனி ரோட்டின் நடுவில் நின்று, நெற்றியில் கையை வைக்காமல், கண்ணைச் சுருக்காமல், வீடுகளையும் வாசல்களையும் தனக்காக நிற்கிற முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, நடக்க முடியலயா? காலு வலிக்கா?"

"காலுக்கு ஒண்ணுமில்ல மைனி" என்றாள் லிங்கக்கனி. "மெதுவா போங்க. இப்பம் என்ன அவசரம்?"